கடைக்காரர் வேண்டாம் என்றதில் ஒரு தோட்டம்

*பழைய பொருட்களைக் கொண்டு மாடியிலும் வீட்டிலும் புதிதாக எதையாவது செய்து பார்க்கும் ஆர்வம் ஊரெங்கும் பரவியிருக்கிறது. எது நிஜமாக உதவுகிறது? எது குப்பைமேட்டுக்குப் போகும் வழியில் சில மாதம் நம் வீட்டில் தங்கிவிட்டுப் போகிறது?*

மார்கழியின் கடைசி நாள். இன்னும் விடியவில்லை. தெருமுனையில் பிள்ளைகள் போகி மேளத்தைத் தட்டிக்கொண்டு நிற்க, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்று வெளியே வருகிறது. கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், நைந்துபோன முறம், பஞ்சு பிதுங்கும் தலையணை. யாரோ ஒரு சைக்கிள் டயரை நெருப்புக்குள் தள்ளிவிட, கறுப்புப் புகை எழுந்து பனியோடு கலந்து தெருவையே மறைக்கிறது. 2018-ம் ஆண்டு போகியன்று இந்தப் புகையும் பனியும் சேர்ந்துதான் சென்னைக்கு வந்த விமானங்களைத் திசைதிருப்பிவிட்டன.

இதே நேரத்தில், இதே தெருவில், குவியலைக் கிளறிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். நெருப்பு பிடிப்பதற்குள் ஒரு டேபிள் ஃபேனின் கம்பிக் கூண்டை உருவி எடுத்துக்கொண்டு போகிறார் ஒருவர். நாற்றுகளை அணில் கொறிக்காமல் கவிழ்த்து மூட அதைவிட நல்ல மூடி கிடையாது. இன்னொருவர் கைக்கு கம்பி நெளிந்த சைக்கிள் ரிம் கிடைக்கிறது. மாடியில் அவரைக்கொடி படர அது போதும். விரிசல் விட்ட பக்கெட்டுக்கு இரண்டு பேர் கை நீட்டுகிறார்கள்.

எரிக்கிற கூட்டமும் எடுக்கிற கூட்டமும் ஒரே தெருவில் நிற்பதுதான் இன்றைய நிலைமை. எடுக்கிற கூட்டம் வருடா வருடம் பெருகிவருகிறது, அதில் சந்தேகமில்லை. மாடித்தோட்டம் போடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள், விதைப் பரிமாற்றச் சந்திப்புகள், தண்ணீர் பாட்டிலை மயிலாக்கும் யூடியூப் காணொளிகள், பள்ளிகளில் ‘கழிவிலிருந்து கலை’ கண்காட்சிகள் என்று எங்கு திரும்பினாலும் இதே பேச்சு. பேச்சு நல்லதுதான். ஆனால், எடுத்த பொருள் ஆறு மாதம் கழித்து எங்கே போகிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

டால்டா டப்பா சொல்லும் பழைய கதை

இது நமக்குப் புதிய பழக்கமே அல்ல. மஞ்சள் நிற டால்டா டப்பாவில் குரோட்டன்ஸ் வளராத வாசல் ஒருகாலத்தில் அபூர்வம். மண்ணெண்ணெய் டின்னை இரண்டாக வெட்டினால் ஒன்று ரோஜாவுக்கு, இன்னொன்று துளசிக்கு. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக மளிகை அலமாரிக்குப் போயின. அம்மாவின் நூல் சேலை தூளியாகி, பிறகு தலையணை உறையாகி, கடைசியில் அடுப்பங்கரைக் கைப்பிடித் துணியாகித்தான் ஓய்ந்தது. ‘ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிக்கொண்டு வண்டி வந்தால், அதில் போட வீட்டில் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது.

பிளாஸ்டிக் வந்த பிறகுதான் மிச்சம் சேர ஆரம்பித்தது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு தடை போட்டது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. இன்னொரு பக்கம், தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளை வழங்கி, தென்னை நார்க் கழிவையும் செடிப் பைகளையும் நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுவந்தது. குப்பையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமும், கீரையாவது நம் வீட்டில் விளையட்டும் என்ற ஆசையும் மொட்டைமாடியில் ஒன்றுசேர்ந்தன. கொரோனா ஊரடங்கு, வீட்டில் அடைபட்டவர்களையெல்லாம் மாடிப்படி ஏற வைத்தது.

காயலான் கடையே உரைகல்

இந்தக் கட்டுரைக்கு ஒரு கட்சி உண்டு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். காயலான் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிற பொருளை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அவர் வேண்டாம் என்று ஒதுக்குவதை வைத்துத் தோட்டம் போடுங்கள்.

ஏன்? ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். அதற்கு எடைக்கு எடை விலை உண்டு. அதைப் பொறுக்கிச் சேர்ப்பவர், தரம் பிரிப்பவர், மூட்டை கட்டி அனுப்புபவர் என்று ஒரு பெரிய சங்கிலியே அதை நம்பிப் பிழைக்கிறது. அந்தப் பாட்டில்கள் நொறுக்கி உருக்கப்பட்டு, பாலியெஸ்டர் இழையாகி, துணியாகத் திரும்பி வருகின்றன. அதே பாட்டிலை நாம் குறுக்கே வெட்டி, ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, பசை தடவி மணிகளை ஒட்டி, சணல் கயிற்றில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? வெயிலில் ஒன்றிரண்டு வருடத்தில் வெளிறி நொறுங்கும். பெயின்ட்டும் பசையும் மணியும் ஒட்டிய பிளாஸ்டிக்கை எந்தக் கடையும் எடுக்காது. மறுபிறவி எடுக்க வேண்டிய ஒரு பொருளை நாமே குப்பையாக்கிவிடுகிறோம். கூடவே அதற்காகப் புதிதாக வாங்கிய பெயின்ட் டப்பா, பசைக்குழாய், மின்விளக்குச் சரம் வேறு.

அதனால் எதையும் கையில் எடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. இதைக் கடையில் வாங்குவார்களா? இதைச் செய்வதால் நான் புதிதாக ஒரு பொருள் வாங்குவது நிற்குமா? இரும்புக் கட்டில் சட்டத்துக்குக் கடையில் நல்ல விலை கிடைக்கும்தான். ஆனால், அதை நிறுத்திப் புடலைப் பந்தலாக்கினால் புதிய இரும்புக் குழாய் வாங்கும் செலவு மிச்சமாகிறது; பத்து வருடம் கழித்தும் அது அதே இரும்பாகக் கடைக்குப் போகும். அப்படியானால் தாராளமாகச் செய்யலாம்.

கடைக்காரர் ஒதுக்குகிற பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். தெர்மாகோல், உடைந்த டைல்ஸ், விரிசல் விட்ட பீங்கான், கந்தல் துணி, நைந்த சாக்கு, கிழிந்த கொசுவலை, செங்கல் உடைசல். ஒரு தோட்டத்துக்கு வேண்டிய முக்கால்வாசிப் பொருட்கள் இதில் அடங்கிவிடுகின்றன.

---

பெட்டிச் செய்தி: முக்கோணத்துக்குள் ஒரு எண்

பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தால் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஏதாவதொரு எண் இருக்கும். 1 என்றால் தண்ணீர், குளிர்பான பாட்டில்கள் செய்யும் பெட். 2 கெட்டியான பாலிஎத்திலீன். கேன், டிரம் வகையறா. 3 பி.வி.சி. 4 மெல்லிய பாலிஎத்திலீன், பைகள், கவர்கள். 5 பாலிபுரொப்பிலீன், பக்கெட், பெயின்ட் வாளி, உணவு டப்பாக்கள். 6 பாலிஸ்டைரீன், தெர்மாகோல் இதில்தான் வருகிறது. 7 மற்றவை எல்லாம்.

செடி வைக்க 2-ம் 5-ம் தோதானவை. இவையும் வெயிலில் நாளடைவில் வீணாகும் என்பதால் நிழல் பக்கம் வைத்தாலோ, வெளிப்புறம் சாக்கு சுற்றினாலோ ஆயுள் கூடும்.

---

சண்டிகர் காட்டுக்குள் ஒரு சாலை ஆய்வாளர்

யாரும் வாங்காததை வைத்து இந்தியாவில் செய்யப்பட்ட மிகப்பெரிய காரியத்தைச் செய்தவர், பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த். தேசப் பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர். சண்டிகர் என்ற புதிய நகரத்தைக் கட்டுவதற்காகக் கிராமங்கள் இடிக்கப்பட்டபோது, அந்த இடிபாடுகளைச் சைக்கிளில் வைத்துச் சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டுப் பள்ளத்துக்குக் கொண்டுபோனார். 1957-ல் தொடங்கியது அந்த வேலை. உடைந்த வளையல், பீங்கான் தொட்டிச் சில்லு, மின்சார சாக்கெட், உலைக்களத்துக் கசடு. சிமென்ட் உருவத்தின் மேல் வளையல் துண்டுகளை நெருக்கமாகப் பதித்து அவர் செய்த பெண்களின் வரிசை இன்றும் வெயிலில் மின்னுகிறது.

அது அரசு நிலம். கட்டுவதற்கு அனுமதி கிடையாது. சுமார் 18 வருடங்கள் யாருக்கும் தெரியாமல் வேலை நடந்தது. 1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது, சட்டப்படி இடித்திருக்க வேண்டும். ஆனால் 1976-ல் அதையே ‘பாறைத் தோட்டம்’ என்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளமும் வேலையாட்களும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பிறகொரு சமயம் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க இயந்திரங்கள் வந்தபோது, நகரத்து மக்கள் கைகோத்து நின்று தடுத்தார்கள். 2015-ல் அவர் மறைந்தார். சண்டிகர் போகிறவர்கள் நகரத்தின் நேர்க்கோட்டுக் கட்டடங்களைப் பார்க்கிறார்களோ இல்லையோ, இந்தப் பாறைத் தோட்டத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரத்தில், லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாகி, 2007-ல் இங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர். கூரைக்கு ஆகாது என்று கழித்த மங்களூர் ஓடுகளை அவர் கான்கிரீட் தளத்துக்குள் வைத்தார். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தை உபயோகமற்ற ஓட்டால் நிரப்பினால் சிமென்ட் மிச்சம், எடையும் குறைவு. ஓட்டுக்குள் அடைபட்ட காற்று வெயிலின் சூட்டையும் கொஞ்சம் தடுக்கிறது. காலி பாட்டில்களைச் சுவரில் பதித்து வண்ண வெளிச்சத்தை உள்ளே விட்டதும் அவர்தான். இவையெல்லாம் அவர் கையில் அலங்காரமாகத் தெரியவில்லை. சுவராகவும் கூரையாகவுமே நின்றன.

கந்தல் துணியில் ஒரு தொட்டி

சரி, மாடிக்கு வருவோம். ஒன்றையாவது முழுசாகச் செய்து பார்த்துவிடலாம்.

மீன் கடைகளில் பனிக்கட்டி போட்டு மீன் வரும் தெர்மாகோல் பெட்டியைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். கவுச்சி போக உப்பும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒருநாள் வெயிலில் காயவைக்க வேண்டும். அப்படியே செடி வைத்தால் சில மாதங்களில் ஓரங்கள் உதிர்ந்து, வெள்ளை மணிகள் மாடியெங்கும் பறந்து மழைநீர்க் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் பெட்டிக்கு ஒரு சட்டை போட வேண்டும்.

பழைய துண்டு, போர்வை, பருத்திப் பாவாடை எதுவானாலும் சரி. தடித்த துணியாக இருந்தால் நல்லது. சிமென்ட்டைத் தண்ணீரில் கரைத்து, தோசை மாவுப் பதத்துக்கு வந்ததும் துணியை அதில் முழுக்கத் தோய்க்க வேண்டும். கையுறை அவசியம், சிமென்ட் தோலை அரித்துவிடும். பெட்டியைக் கவிழ்த்து, தோய்த்த துணியைப் போர்த்தி, மூலைகளில் மடித்து அழுத்திவிடுங்கள். அடிப்பக்கம் நான்கு இடத்தில் குச்சியைச் செருகி வைத்தால் பிறகு துளை போடும் வேலை இல்லை. ஒருநாள் நிழலில் இறுகட்டும். மறுநாள் நிமிர்த்தி, உள்விளிம்பு வரை இன்னொரு துணியைச் சுற்றி, மேலே சிமென்ட் பாலை பிரஷ்ஷால் இரண்டு பூச்சு.

பெரும்பாலோர் அவசரப்படுவது இதற்குப் பிறகுதான். ஒரு வாரமாவது ஈரச்சாக்கு சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால்தான் சிமென்ட் பலம் பெறும். அதன்பின் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்து இரண்டு மூன்று முறை மாற்றிக் கொட்ட வேண்டும். புது சிமென்ட்டின் காரம் இறங்காமல் நட்டால் செடியின் இலை மஞ்சளடிக்கும். பொறுமையாகச் செய்தால் கிடைப்பது, ஒரு கையால் தூக்கக்கூடிய, வெயிலுக்கு அசையாத, சிமென்ட் தொட்டி போலவே தோற்றம் தரும் ஒரு கலன். சிமென்ட் புதிதாக வாங்கியதுதான். ஆனால், ஒரு புதிய தொட்டி வாங்குவது நின்றது. தெர்மாகோலும் கந்தலும் குப்பைக்குப் போகாமல் நின்றன.

உள்ளே என்ன நிரப்புவது? செம்மண், ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க் கழிவு, மக்கிய சாணம் அல்லது மண்புழு உரம் மூன்றும் சம அளவு. கூடவே ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. அரையடி ஆழம் இருந்தால் அரைக்கீரையும் சிறுகீரையும் வரும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஓரடியாவது வேண்டும். அடியில் உடைந்த ஓட்டுச் சில்லுகளைத் துளைமேல் கவிழ்த்து வைத்தால் மண் போகாது, நீர் போகும்.

கொடிக்குப் பந்தலா? நெளிந்த ரிம் இரண்டு. ஒன்றைக் கீழே தொட்டியின் மேலும், இன்னொன்றை மூங்கிலின் உச்சியிலும் கட்டி, பழைய நூல் சேலையை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து முறுக்கிய கயிற்றை ரிம்முக்கு ரிம் இழுத்துக் கட்டினால் அவரையும் பாகலும் ஏறிவிடும். நைலான் கயிறு தண்டை அறுக்கும், சேலைக்கயிறு அறுக்காது. பருவம் முடிந்ததும் கொடியோடு சேர்த்துக் கயிற்றையும் உரக்குழியில் போடலாம். கத்திரி வெயிலில் கிழிக்காத பழைய சேலை ஒன்றை நாலு முனையில் கட்டினால் நாற்றுக்கு நிழல்.

உடைந்த டைல்ஸின் குளிர்ச்சி

என்னைக் கேட்டால், நம் ஊருக்கு மிகவும் தேவைப்படும் மறுபயன்பாடு செடித்தொட்டி அல்ல, மொட்டைமாடித் தரை. டைல்ஸ் கடை வாசல்களில் உடைந்த வெள்ளை டைல்ஸ் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருப்பார்கள். அந்தச் சில்லுகளை மாடித் தளத்தில் நெருக்கமாகப் பதித்து, இடைவெளியை வெள்ளை சிமென்ட்டால் நிரப்பினால், வெயில் பெருமளவு எதிரொளித்துத் திரும்பிவிடும். மேல்தளத்து அறையில் வெப்பம் கண்கூடாகக் குறையும். குஜராத்தில் இது பழகிய முறை. கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசை 2018-ல் பெற்ற பி.வி.தோஷி, ஆமதாபாத்தில் தன்னுடைய ‘சங்கத்’ அலுவலகத்தின் வளைந்த கூரைகளை உடைந்த பீங்கான் ஓடுகளால்தான் போர்த்தினார்.

செலவு டைல்ஸுக்கு அல்ல, கூலிக்கு. சில்லு பதிப்பது மெதுவான வேலை. கொத்தனார் நாள் கணக்கு கூடும். தளத்தில் ஏற்கனவே ஒழுக்கு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். மழைநீர்க் குழாய் இருக்கும் பக்கம் சரிவு தப்பிவிட்டால் குளம் கட்டிக்கொள்ளும். இவற்றைக் கவனித்துச் செய்தவர்களுக்கு வருடா வருடம் வெள்ளைப் பூச்சு அடிக்கும் வேலை இல்லை.

---

பெட்டிச் செய்தி: மாடி எவ்வளவு தாங்கும்?

நடமாடக்கூடிய மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிலை சொல்லும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 200 லிட்டர் டிரம்மை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் வெறும் மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் எடை 160 முதல் 180 கிலோ வரை போகும். அது நிற்பதோ அரை சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில்.

ஆகவே கனமான கலன்களைச் சுவருக்கும் உத்திரத்துக்கும் நேர் மேலே வையுங்கள். தளத்தின் நடுவில் வேண்டாம். மண்ணில் மூன்றில் ஒரு பங்காவது தென்னை நார்க் கழிவாக இருக்கட்டும். எதையும் தரையோடு ஒட்டி வைக்காமல் நான்கு செங்கல் துண்டின் மேல் வைத்தால், அடியில் காற்றோடி ஈரம் தங்காது. தளத்தில் ஊறலும் வராது. பழைய கட்டடமாக இருந்தால் ஒரு பொறியாளரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

---

அழகுக்குப் பின்னால் வருபவை

டயரில் ஊஞ்சல், டயரில் முக்காலி, டயரை அடுக்கி வண்ணம் பூசிக் கிணறு. படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், டயரின் உள்மடிப்பில் தேங்கும் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டவே முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட வசதியான பிரசவ அறை வேறில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மாநகராட்சி ஊழியர்கள் வீடுவீடாக வந்து முதலில் தேடுவதே டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் பூந்தொட்டித் தட்டையும்தான். டயர் வைத்தே தீர வேண்டுமானால் அடிப்பக்கம் நெடுகத் துளை போட்டு, உள்ளே மண்ணை இறுக்கி நிரப்புங்கள். அதிலும் பூச்செடி மட்டும் போதும். டயர் ரப்பரில் துத்தநாகமும் எண்ணெய்ச் சேர்மங்களும் கலந்திருக்கின்றன. அது தேயத் தேய மண்ணில் இறங்கும். கீரையும் கிழங்கும் அதில் வேண்டாம்.

டிரம் வாங்குகிறவர்கள் கூடுதலாக விசாரிக்க வேண்டும். நீல நிற டிரம் மலிவாகக் கிடைக்கும். அதில் முன்பு இருந்தது பழக்கூழா, எண்ணெயா, அமிலமா என்று விற்பவருக்கே பல சமயம் தெரியாது. மோந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது. லேபிள் ஒட்டியிருக்கும் டிரம்மாகக் கேட்டு வாங்குங்கள். பூச்சிமருந்து கேனை எத்தனை முறை கழுவினாலும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதில் தண்ணீர் பிடித்துவைத்து உயிரையே இழந்தவர்களின் செய்திகள் கிராமங்களில் புதிதல்ல. தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவிப் பூச்செடிக்கு வைத்துக்கொள்ளலாம். தின்னர் கலந்த எனாமல் டின் வேண்டவே வேண்டாம்.

தொழிற்சாலைச் சரக்கோடு வரும் பேலட் மரத்துக்கு இப்போது மவுசு. அலமாரி, திண்ணை, செங்குத்துத் தோட்டம் எல்லாம் அதில் செய்கிறார்கள். வாங்கும் முன் பலகையின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். ஹெச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, பயமில்லை. எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை காட்டியது. அதை அறுக்கவோ இழைக்கவோ கூடாது. எந்த முத்திரையானாலும் அது பெரும்பாலும் பைன் போன்ற மென்மரம்தான். நம் ஊர் மழைக்கும் கரையானுக்கும் முன்னால் வெளியில் அதிக நாள் நிற்காது.

பழைய சன்னல், கதவைச் சுரண்டிப் பளபளப்பாக்குவதில் உள்ள ஆபத்தைச் சொல்வோர் குறைவு. வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சுகளில் காரீயம் ஏராளமாக இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசு பறந்து குழந்தைகள் தவழும் தரையில் படியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துத் தேய்க்க வேண்டும். முகக்கவசம் போட்டு, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இல்லாத நேரத்தில், வெளியில் வைத்துச் செய்ய வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை வெட்டிப் பாத்தி கட்டும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. உடைத்தால் பறக்கும் அதன் நுண்ணிழை நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

---

பெட்டிச் செய்தி: ஒரு கரண்டித் தண்ணீர்

ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும். முட்டையைத் தண்ணீரில் அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கலனின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த மழையில் பொரியும். பொரிந்து, புழுவாகி, கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். பிறந்த இடத்தைவிட்டு அது நெடுந்தூரம் பறப்பதில்லை. நம் மாடியில் வளர்ந்த கொசு நம்மையும் பக்கத்து வீட்டாரையும்தான் கடிக்கும்.

கொட்டிவிட்டால் மட்டும் போதாது. தொட்டித் தட்டு, பறவைகளுக்கு நீர் வைத்த ஆட்டுக்கல் குழி, டிரம் விளிம்பு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் டிரம்முக்குக் கிழிந்த கொசுவலையை இரண்டு மடிப்பாகப் போட்டு ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டலாம்.

---

காரைக்குடியில் கழற்றப்படும் வீடுகள்

பழைய பொருட்களின் மீதான மோகத்துக்கு வலிக்கிற ஒரு முகமும் உண்டு. பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பார்த்தால் தெரியும். எனாமல் தூக்குவாளி, பீங்கான் ஜாடி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படங்கள், பர்மா தேக்கில் இழைத்த நிலைப்படிகள். நகரத்து வீடுகளின் வரவேற்பறைக்கும் ரிசார்ட்டுகளின் முகப்புக்கும் இங்கிருந்துதான் பல பொருட்கள் போகின்றன. நிலைப்படி கண்ணாடிச் சட்டமாகிறது. கதவு உணவு மேசையாகிறது. மரத்தூண் விளக்குக் கம்பமாகிறது.

பங்காளிகள் பல ஊர்களில் சிதறி, பராமரிக்க வழியின்றி இடிந்த வீட்டிலிருந்து வந்த தூண் என்றால் அது காப்பாற்றப்பட்டது என்றே சொல்ல வேண்டும். ஆனால், தூணுக்கு விலை ஏற ஏற, நின்றுகொண்டிருக்கும் வீட்டைப் பிரிப்பதே லாபமாகிவிடுகிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று முழுசாக இருக்க வேண்டியது துண்டு துண்டாக நாலு நகரங்களுக்குப் போய்விடுகிறது. வாங்குகிறவர்கள் இந்தத் தூண் எந்த வீட்டிலிருந்து, ஏன் வந்தது என்று ஒரு கேள்வி கேட்டாலே நிலைமை கொஞ்சம் மாறும்.

இதற்கு வேறு வழியும் இருக்கிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து வீடாகவே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். தூண் அங்கே தூணாகவே நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அந்த வளாகத்துக்கு முதலில் திட்டம் வரைந்து கொடுத்தவர் லாரி பேக்கர்; அவர் வழிவந்த பென்னி குரியகோஸ் அதை வளர்த்தெடுத்தார்.

கருவியும் கையும்

மாடியில் ஏறிய பல பேருடைய ஆர்வம் மூன்றாவது மாதத்தில் குறைவதற்கு ஆசையின்மை காரணமல்ல. கருவி இல்லாததே காரணம். டிரம் வெட்ட ரம்பம் வேண்டும், டைல்ஸில் துளை போட அதற்கான பிட் வேண்டும், ரிம்மை இணைக்க வெல்டிங் வேண்டும். ஒரு துளைக்காக ஒரு டிரில்லிங் மெஷினை வாங்கிப் பரணில் போட்டால், பழையதைப் பயன்படுத்தப் போய்ப் புதிய பொருள் ஒன்று வீட்டுக்குள் வந்ததுதான் மிச்சம்.

தெருவுக்குத் தெரு இருக்கும் வெல்டிங் பட்டறையில் ரிம்மைக் கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். முறையான கூலி கொடுங்கள், பேரம் வேண்டாம். கால்மிதியோ ஒட்டுத்துணி மெத்தையோ வேண்டுமானால் மூலைக்கடைத் தையல்காரர் இருக்கிறார். கட்டில் நாடா பின்னுகிறவர், நாற்காலிக்குப் பிரம்பு முடைகிறவர், குடை ரிப்பேர் செய்கிறவர் எல்லாம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ‘நீங்களே செய்யுங்கள்’ என்று சொல்லும்போது, எல்லாவற்றையும் தனியாகச் செய்து முடிக்க வேண்டும் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. அவர்களுடைய கை நம் மாடி வரை நீண்டால் அவர்களுக்கும் பிழைப்பு, நமக்கும் பத்து வருடம் நிற்கும் வேலை.

அடுக்ககங்களின் குடியிருப்போர் சங்கங்கள் இதை எளிதாக ஒழுங்குபடுத்தலாம். ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு ஹேக்ஸா, குறடு, கொல்லறு, ஒரு சாக்கு சிமென்ட், யார் எடுத்தார்கள் என்று எழுத ஒரு நோட்டு. பக்கத்தில் ஒரு அலமாரி: வேண்டாதவர் வைக்கலாம், வேண்டியவர் எடுக்கலாம். மாதம் ஒருமுறை காயலான் கடைக்காரர் வந்து தனக்கு வேண்டியதை எடைபோட்டு எடுத்துக்கொண்டு போகட்டும், மீதிதான் தோட்டத்துக்கு. இதற்குத் தனி அறை தேவையில்லை. ஜெனரேட்டர் அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் பெரும்பாலான அடுக்ககங்களில் அந்த அளவுக்கு இடம் காலியாகவே கிடக்கிறது.